அருணாசலத்தைத் திருத்தினேன், தைவானைக் கவனிக்கவில்லை

காற்றூரான் | சிஞ்சு, தைவான் | திங்கள், இரவு 10.40

வணக்கம். இரண்டு வருடமாக சிஞ்சுவில் போஸ்ட்டாக். இந்த ஊருக்கே 'காற்று நகரம்' என்றுதான் பட்டப்பெயர், என் புனைபெயரும் அதிலிருந்து வந்தது. இங்கே ஒரு தப்பு செய்துவிட்டேன். அதைச் சொல்லி யோசனை கேட்கலாம் என்று வந்தேன்.

போன வாரம் எங்கள் ஆய்வகத்தில் பொங்கல் வைத்தோம். பானைக்கு எங்கே போவது, டாட்டுங் குக்கரில்தான். வெல்லம் மட்டும் அம்மா திருநெல்வேலியிலிருந்து அனுப்பியது. சாப்பிடுவதற்கு முன் "உன் ஊரைப் பற்றிப் பத்து நிமிடம் பேசு" என்றார் பேராசிரியர். ஐந்து ஸ்லைடு தயார் செய்தேன். முதலாவது ஆசிய வரைபடம், இணையத்தில் எடுத்தது. அதில் காஷ்மீர் துண்டுதுண்டாகக் கிடந்தது, அருணாசலப் பிரதேசம் புள்ளிக் கோட்டுக்குள் இருந்தது. பார்த்ததும் சுருக்கென்றது. அரை மணி நேரம் உட்கார்ந்து, அக்சாய் சின் உட்பட நம் எல்லையை ஒழுங்காக வரைந்தேன். பொது ஃபோல்டரில் பழைய படம், புதிய படம் இரண்டுமே கிடந்தன.

பேச்சு நன்றாகத்தான் போனது. பொங்கலை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள். மாலையில் கிண்ணம் கழுவும்போது எங்கள் அலுவலக உதவியாளர் பக்கத்தில் வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். விசா பேப்பரிலிருந்து பல் டாக்டர் வரை எனக்கு எல்லாமே அவர்தான், ஒரு அக்கா மாதிரி. மெதுவாகச் சொன்னார்: "உன் நாட்டு எல்லையை மட்டும் நல்லாப் பார்த்துச் சரி பண்ணியிருக்கே."

எனக்குப் புரியவில்லை. லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். சீனாவுக்குச் சிவப்பு. தனி ஆட்சி நடத்தும் தைவானுக்கும் அதே சிவப்பு, சீனாவின் ஒரு பகுதி போல.

மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்றார். இந்த ஊரில் 'பரவாயில்லை'க்கு எத்தனை அர்த்தம் உண்டு என்று எனக்குத் தெரியும். இப்போது துறை முழுவதற்கும் இதே பேச்சைப் பேசச் சொல்கிறார்கள், வரும் வெள்ளிக்கிழமை. நாடு, எல்லை என்று வந்தால் வெளியூர்க்காரன் எப்படிப் பேசுவது? வாயை மூடிக்கொள்வதா?

---

லேத்துக்காரர் | கோவை | திங்கள், இரவு 11.15

தம்பி, நான் பட்டறைக்காரன். எங்கள் ஊரில் 'தைவான் மெஷின்' என்றால் ஒரு மதிப்பு, 'சைனா மெஷின்' என்றால் வேறு விலை. இது கடைநிலைப் பையனுக்குக்கூடத் தெரியும். தெரிந்தும் தைவானில், தைச்சுங் நகரில் ஒரு தொழிற்சாலைக்கு முதல் தடவை போனபோது வாய் குழறிவிட்டது. "சைனாவில் இவ்வளவு ஃபினிஷிங் வருமா!" என்று பாராட்டாகத்தான் சொன்னேன். அந்த முதலாளி சிரித்த முகம் மாறாமல் மெஷின் பக்கவாட்டில் திருகியிருந்த தகட்டை விரலால் இரண்டு தட்டு தட்டினார். 'மேட் இன் தைவான்'. அன்றைக்கு நான் பேசிய டிஸ்கவுண்ட் எதுவும் எடுபடவில்லை.

அடுத்தது நேர் எதிர். சீனாவின் டோங்குவானில் உதிரிபாகம் வாங்குகிறேன். வீசாட் குரூப்பில் "தைவான் நாட்டு ஸ்பிண்டில்தான் வேண்டும்" என்று எழுதித் தொலைத்தேன். இரண்டு நாள் பதிலே இல்லை. மூன்றாம் நாள் அங்கே விற்பனை பார்க்கும் பெண் தனியாகக் கூப்பிட்டு, "குரூப்பில் எங்கள் மேலதிகாரிகள் இருக்கிறார்கள் சார், தைவான் என்று மட்டும் போடுங்கள், நாடு என்ற சொல் வேண்டாம்" என்றார். பாவம், அந்தப் பெண்ணுக்கு என்னால் சங்கடம்.

அதற்கப்புறம் இரண்டு பக்கமும் 'தைவான்'தான் எழுதுகிறேன். பின்னால் நாடும் கிடையாது, மாகாணமும் கிடையாது. சரக்கு ஒழுங்காக வருகிறது.

---

நேர்வழி | செவ்வாய், காலை 6.05

இதில் குற்ற உணர்ச்சிக்கு என்ன இருக்கிறது? இந்தியா 1949 டிசம்பர் 30 அன்றே மக்கள் சீனத்தை அங்கீகரித்துவிட்டது. தைபேயில் நமக்குத் தூதரகமே கிடையாது. 1995இல் திறந்த அலுவலகத்துக்கும் 'இந்தியா-தைபே சங்கம்' என்றுதான் பெயர். ஐ.நா. 1971இலேயே இருக்கையை பெய்ஜிங்குக்குக் கொடுத்தாயிற்று. ஏர் இந்தியாவே 2018இல் இணையதளத்தில் 'சீன தைபே' என்று மாற்றியது. அரசாங்கம் எழுதுவதை நாமும் எழுதினால் போதும். ஒவ்வொருவர் மனசையும் பார்த்துக்கொண்டிருந்தால் பூகோளப் பாடமே நடத்த முடியாது.

---

பிழைதிருத்தி | சென்னை | செவ்வாய், காலை 9.30

நேர்வழி ஐயா, தகவல்கள் சரி. அதிலிருந்து நீங்கள் போய்ச் சேரும் இடம்தான் சரியில்லை. ஐ.நா.வின் 2758ஆம் தீர்மானம், சீனாவின் இருக்கையில் யார் உட்காருவது என்று முடிவு செய்தது. தைபேயிலிருந்து ஆண்ட சியாங் கை-ஷேக்கின் பிரதிநிதிகளை வெளியேற்றியது. அந்த வாசகத்தில் 'தைவான்' என்ற சொல்லே வராது. தீவு யாருடையது என்று அது சொன்னதா இல்லையா என்பதில்தான் இன்றைக்கும் சண்டை. அப்புறம், அரசாங்கம் இன்னொரு அரசாங்கத்துக்கு எழுதும் கடிதமும், கிண்ணம் கழுவுகிற இடத்தில் ஒரு அக்காவிடம் பேசுவதும் ஒன்றா?

என் கதையைக் கேளுங்கள். 2021இல் ஒரு நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் இருந்தேன். டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் பி.வி. சிந்து, தைவானின் தாய் சு யிங்கிடம் தோற்றார். 'சீன தைபே வீராங்கனையிடம்' என்று எழுதினால் தலைப்பு ஒரு வரிக்குள் அடங்கவில்லை. தைபேயை வெட்டினேன். 'சீன வீராங்கனையிடம் சிந்து தோல்வி'. மறுநாள் வெண்கலப் போட்டி. எதிரே ஹீ பிங்ஜியாவ், அவர் நிஜமாகவே சீனா. 'சீன வீராங்கனையை வீழ்த்தினார் சிந்து'. காலையில் ஒரு வாசகர் போன் செய்து கேட்டார்: "முந்தாநேத்து தோத்த பொண்ணுகிட்டயே மறுபடி ஆடி ஜெயிச்சாங்களா சார்?"

தைபேயில் யாராவது வருத்தப்பட்டார்களா என்பது இருக்கட்டும். செய்தியே தப்பு.

தைவான் விளையாட்டில் ஆடும் 'சீன தைபே' என்ற பெயர் 1981இல் ஒலிம்பிக் கமிட்டியோடு செய்த ஒப்பந்தத்தில் வந்தது. கொடியும் தேசியக் கொடி கிடையாது, மேடையில் ஒலிப்பதும் தேசிய கீதம் கிடையாது. 'தைவான்' என்ற பெயரில் ஆடலாமா என்று 2018 நவம்பரில் அங்கேயே பொது வாக்கெடுப்பு வைத்தார்கள். தோற்றுப்போனது. சுமார் 55 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். பெயரை மாற்றப் போய் வீரர்கள் ஆடவே முடியாமல் போய்விடுமோ என்ற பயம் அதில் பெரிய பங்கு. பிடிக்காத சட்டையை வேலைக்காகப் போட்டுக்கொள்கிற மாதிரி. அதைப் பார்த்துவிட்டு "அவங்களுக்கே அந்தப் பேர் பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட முடியாது.

---

குவாங்சோ டாக்டர் | மதுரை | செவ்வாய், மதியம் 2.20

ஒரு பக்கம் மட்டும் ஓடுகிறது, அதனால் எழுதுகிறேன். நான் சீனாவில் எம்பிபிஎஸ் படித்தவன். என் வகுப்புத் தோழர்கள் தைவானைச் சீனா என்று சொல்வது யாரோ மிரட்டிச் சொல்ல வைத்ததால் மட்டும் அல்ல. 1895இல் போரில் தோற்று ஜப்பானுக்குத் தைவானைக் கொடுத்ததை அவர்கள் அவமானமாகப் படித்து வளர்ந்தவர்கள். 'தைவானும் சீனாவும் இரு நாடுகள்' என்று விளையாட்டாகச் சொன்னால்கூட முகம் வாடிப்போகும். வாதத்தில் தோற்ற வாட்டம் இல்லை. வீட்டில் யாரையோ திட்டிவிட்டது போன்ற வாட்டம்.

அதே தோழி ஒருத்தி ஒருநாள் சுவர் வரைபடத்தில் அருணாசலத்தைத் தொட்டு, "இங்கே போயிருக்கிறாயா? எங்கள் ஜாங்னான்" என்றாள். தெற்குத் திபெத் என்று அர்த்தம். துளி விஷமம் இல்லை. பள்ளியில் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. இதில் வேடிக்கை, நான் அருணாசலத்துக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை.

2012இல் சீனா தன் புதிய பாஸ்போர்ட் பக்கத்திலேயே அருணாசலம், அக்சாய் சின், தைவான் எல்லாம் சேர்த்து வரைபடம் அச்சடித்தது. பதிலுக்கு நம் தூதரகம் விசாவில் நம் வரைபடத்தை அச்சடித்தது. என் சீனியர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். ஒரே புத்தகத்துக்குள் இரண்டு வரைபடமும் முட்டிக்கொண்டிருக்கும். 2023 ஆகஸ்டில் சீனா வெளியிட்ட அதிகாரபூர்வ வரைபடத்திலும் அதே கதை, தைவானுக்குக் கிழக்கே ஒரு கோடு உட்பட.

---

நேர்வழி | செவ்வாய், மதியம் 3.00

அருணாசலம் இந்தியா. அதில் பேச்சே இல்லை. அதையும் தைவானையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

---

பிழைதிருத்தி | சென்னை | செவ்வாய், மதியம் 3.25

யாரும் வைக்கவில்லை ஐயா. உரிமை யாருக்கு என்பது வேறு விஷயம். வரைபடத்தைப் பார்த்ததும் ஒரு மனிதனுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் இங்கே பேச்சு. அது நமக்குத் தெரியாததா? சர்வே ஆஃப் இந்தியா படத்துக்கு மாறாக இந்திய வரைபடம் வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை என்று 1961ஆம் வருடச் சட்டத்தில் இருக்கிறது. 2011இல் எகனாமிஸ்ட் இதழ் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது காஷ்மீர் படத்தின் மேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டித்தான் வந்தது. கோட்டுக்கு இவ்வளவு பாடுபடும் நாட்டிலிருந்து போன ஒருவருக்கு இன்னொருவர் கோடு கண்ணில் படவில்லையே, அந்த அக்கா கேட்டது அதைத்தான்.

---

பினாங்கு மணி | மலேசியா | செவ்வாய், இரவு 8.10

தமிழிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. நாம் எல்லாருக்கும் 'சீனர்' என்று ஒரே சொல்லைப் போட்டு முடித்துவிடுகிறோம். மாண்டரினில் அப்படி இல்லை. 'ஹுவாரென்' என்றால் சீன வம்சாவளி, எந்த நாட்டுக் குடிமகனாகவும் இருக்கலாம். 'ச்சோங்குவோரென்' என்றால் சீன நாட்டவர். என் பக்கத்து வீட்டு அங்கிள் முதல் வகை. இரண்டாவது சொல்லால் கூப்பிட்டால், "நான் மலேசியன், என் தாத்தாதான் அங்கிருந்து வந்தார்" என்பார். தைவானிலும் பலர், மூதாதையர் வந்த இடத்தைச் சொல்லத் தயங்க மாட்டார்கள், தன் நாட்டின் பெயராக அதைச் சொன்னால்தான் முகம் சுளிப்பார்கள்.

என்னைச் சென்னையில் ஆட்டோக்காரர் "நீங்க எந்த ஊர் சார், இந்தியாதானே?" என்று கேட்டபோது, ஆமாம் என்பதா இல்லை என்பதா என்று அரை கிலோமீட்டர் யோசித்தேன்.

---

லாவண்டர் | செவ்வாய், இரவு 8.45

கொரியப் பாட்டுக் குழு ட்வைஸில் இருக்கும் தைவான் பெண் ட்சூயுவை யாரும் சொல்லவில்லையே! கொரிய டிவி நிகழ்ச்சி ஒன்றில் தன் ஊர்க் கொடியைக் கையில் பிடித்தாள், அவ்வளவுதான். சீனாவில் எதிர்ப்புக் கிளம்பி, 2016 ஜனவரி 15 அன்று ஒரு தாளைப் பார்த்து மன்னிப்பு வாசித்தாள். 16 வயசு. மறுநாள் தைவானில் அதிபர் தேர்தல், சாய் இங்-வென் ஜெயித்தார். அந்த வீடியோவை என்னால் இப்பவும் முழுசாப் பார்க்க முடியாது.

---

வடமராட்சியான் | டொரண்டோ | செவ்வாய், இரவு 9.30

ஒரு சின்ன விசயம். வேலையிடத்தில 'நீ ஸ்ரீலங்கனா' எண்டு கேட்டால் நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டு என்ரை வேலையைப் பாப்பன். என்ரை அண்ணை 'இல்லை, தமிழன்' எண்டு நிண்டுதான் பதில் சொல்லுவார். ஒரே வீடு, ஒரே தாய். அதால தம்பி, அந்த அக்கா ஒராள் சொன்னதை வைச்சு முழுத் தைவானும் இப்பிடித்தான் எண்டு எழுதி வைக்காதேங்கோ.

---

மட்டுறுத்துநர் | செவ்வாய், இரவு 9.50

நல்ல கருத்து. ஈழம் பற்றித் தொடர விரும்புவோருக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே தைவானோடு நிற்போம்.

---

தைபே கிழவன் | தைபே | புதன், காலை 7.15

கிழவன் என்பது பெயருக்குத்தான், வயது 46. இங்கே 14 வருடம். வடமராட்சியான் சொன்னதை அப்படியே தைவானுக்கு எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு உரிமையாளரின் அப்பா 1949இல் சீனாவின் ஷாண்டோங்கிலிருந்து சியாங் கை-ஷேக்கின் படையோடு வந்து இறங்கியவர். உரிமையாளர் தன்னை 'சீனக் குடியரசின்' ஆள் என்பார் (தைவானின் அதிகாரபூர்வப் பெயர் அதுதான்), தேசிய தினத்தில் கொடி ஏற்றுவார். அவருக்கு அந்தக் கொடி உயிர். எதிர்வீட்டு அம்மா ஹொக்லோ, அதாவது பல தலைமுறையாக இங்கே இருக்கும் இனம். அவருடைய பெரியப்பா 1947 பிப்ரவரி 28 கலவரத்தைச் சீனக் குடியரசின் படை அடக்கிய பிறகு வீடு திரும்பவே இல்லை. அவருக்கு அதே கொடியைப் பார்த்தால் அந்தப் படைதான் ஞாபகம் வரும். 1949 முதல் 1987 வரை, 38 வருடம் ராணுவச் சட்டம் நடந்த ஊர் இது. எதிர்வீட்டில் அந்தப் பெரியப்பாவின் பெயரை வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்ததே அதற்கு அப்புறம்தான். இருவருக்கும் ஒரே மாடிப்படி, ஒரே குப்பை வண்டி. வண்டி பாட்டோடு வரும்போது இருவரும் பையோடு பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள், மழையைப் பற்றி மட்டும் பேசுவார்கள்.

தேசிய செங்சி பல்கலைக்கழகம் 1992 முதல் ஒரே கேள்வியைக் கேட்டுவருகிறது: நீங்கள் தைவானியரா, சீனரா, இரண்டுமா? 'தைவானியர் மட்டும்' என்றவர்கள் அப்போது ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. இப்போது 60 சதவீதத்துக்கு மேல். இரண்டும் என்பவர்கள் ஏறக்குறைய 30. பாஸ்போர்ட் அட்டையே இதைக் காட்டிக்கொடுக்கும். 'தைவான்' என்ற சொல் 2003இல்தான் ஏறியது, 2021இல் பெரிதாகியது, 'சீனக் குடியரசு' என்ற ஆங்கில எழுத்து சின்னத்தைச் சுற்றிப் பொடி எழுத்தாகிவிட்டது.

அக்கரையை 'பெருநிலம்' என்கிறாயா, 'சீனா' என்கிறாயா என்பதிலேயே உன் சாய்வைக் கணக்குப் போடுவார்கள். நான் எதிரில் இருப்பவர் எதைச் சொல்கிறாரோ அதையே திருப்பிச் சொல்லிவிடுவேன். கோழைத்தனம் என்று நேர்வழி சொல்வார், சொல்லட்டும்.

சாப்பிடும்போது "சீனா எப்போ படையெடுக்கும்?" என்று மட்டும் கேட்காதே. ஒவ்வொரு வெளிநாட்டுக்காரனும் கேட்கிற கேள்வி. வானிலை மாதிரிக் கேட்கிறார்கள். இங்கே அவர்கள் பிள்ளைகள் ராணுவ சேவைக்குப் போகிற வயதில் இருக்கிறார்கள். அழைப்பிதழ் ஏதாவது அச்சடித்தால் மொழிபெயர்ப்புச் செயலியில் சீன எழுத்துக்கு 'மரபு எழுத்து' என்பதைத் தேர்ந்தெடு. 'எளிய எழுத்து' அக்கரை வழக்கம். யாரும் திட்ட மாட்டார்கள், மனசில் குறித்துக்கொள்வார்கள்.

'தைவான் என்று மட்டும் சொல்' என்ற லேத்துக்காரர் ஐயாவின் சூத்திரம் முக்கால்வாசி வேலை செய்யும். மீதிக் கால்வாசி கின்மென். சீனாவின் ஷியாமென் கரையை ஒட்டிய தீவு, படகில் அரை மணி. ஆட்சி தைபேயிடம். 1958 ஆகஸ்ட் 23 அன்று சீனாவின் குண்டுமழை தொடங்கி 44 நாளில் நாலரை லட்சத்துக்கும் மேல் விழுந்தன. அப்புறம் 1979 வரை ஒன்றுவிட்டு ஒரு நாள் முறை வைத்து, பிரசுரம் அடைத்த குண்டுகளைப் போட்டார்கள். அந்த ஓடுகளை உருக்கி அங்கே காய் நறுக்கும் கத்தி செய்கிறார்கள். ஒன்று என் சமையலறையில் இருக்கிறது, வெண்டைக்காய்க்கு அதை மிஞ்சிய கத்தி இல்லை. எனக்கு விற்ற பெண் சொன்னாள், "என் மகன் தைவானுக்குப் போயிருக்கிறான், படிக்க." அவளுக்கு அது வேறு ஊர்.

வரைபடம் போடுகிறாய் அல்லவா? கின்மெனை மறக்காதே.

---

நேர்வழி | புதன், காலை 10.30

கோழை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆளுக்கு ஒரு சொல் மாற்றினால், நீங்கள் உண்மையில் என்ன நினைக்கிறீர்கள் என்று ஒருவருக்கும் தெரியாமல் போகும். அதுவும் ஒரு அவமரியாதைதான். கேட்டால் பதில் சொல்லுங்கள்.

---

தைபே கிழவன் | தைபே | புதன், மதியம் 12.05

கேட்டால் சொல்கிறேன் ஐயா. 14 வருடத்தில் என்னிடம் கேட்டவர்கள் மூன்று பேர்.

---

காற்றூரான் | சிஞ்சு, தைவான் | சனி, காலை 11.20

எல்லாருக்கும் நன்றி. நேற்று பேச்சு முடிந்தது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

புதன்கிழமை அக்காவிடமே போய் நின்றேன். "புதுப் படம் போடப்போகிறேன், என்ன நிறம் வைக்கட்டும்?" "உனக்குப் பிடித்தது. அந்தச் சிவப்பு மட்டும் வேண்டாம்." சரி, தீவு முழுக்க மலையும் காடும்தானே என்று பச்சை அடித்தேன். பக்கத்து மேஜை மாணவன் பார்த்துவிட்டு, "தேர்தலில் நிற்கப்போகிறாயா?" என்றான். பச்சை, ஜனநாயக முற்போக்குக் கட்சியின் நிறமாம். நீலத்துக்கு மாற்றினேன், அது குவோமின்டாங் கட்சி. வெள்ளை வைத்தால் தைவான் மக்கள் கட்சி. ஆரஞ்சுக்கும் ஒரு கட்சி வைத்திருக்கிறார்கள். கடைசியில் கத்தரிக்காய் ஊதா. அதற்கு உரிமை கொண்டாட யாரும் வரவில்லை.

நம் எல்லையை நான் மாற்றவில்லை, சர்வே ஆஃப் இந்தியா படத்தில் இருப்பதுதான். நேர்வழி ஐயா கவனிக்க. ஆனால் கீழே ஒரு வரி சேர்த்தேன்: 'இந்தியாவில் அச்சிடப்படும் வரைபடத்தின்படி'. அதைப் பார்த்து ஒரு பேராசிரியர், வேறு நாட்டில் வேறு மாதிரி அச்சிடுவார்களா என்று கேட்டார். குவாங்சோ டாக்டரின் பாஸ்போர்ட் கதையைச் சொன்னேன். அரங்கமே சிரித்தது. அன்றைக்குப் பொங்கலைவிட அதற்குத்தான் வரவேற்பு.

கின்மெனை மறக்கவில்லை. படத்தை 600 சதவீதம் பெரிதாக்கி, ஷியாமென் ஓரத்தில் ஒரு ஊதாப் புள்ளி வைத்தேன். திரையில் தூசி மாதிரித்தான் தெரிந்தது, இருந்தாலும் வைத்தேன் என்ற பெருமையில் நின்றுகொண்டிருந்தேன்.

முடிந்து எல்லாரும் கிளம்பும்போது எங்கள் டெக்னீஷியன் வந்தார். நாற்பது தாண்டியவர், அதிகம் பேச மாட்டார். திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். கின்மென் புள்ளியைக் காட்டி, "நல்லது" என்றார். அப்புறம் விரலை சீனாவின் ஃபுஜியன் கரையோடு வடக்கே நகர்த்தி, ஃபூச்சோவுக்கு எதிரே நிறுத்தினார்.

"மாட்சு. நான் ராணுவ சேவை செய்தது இங்கேதான். குளிர் எலும்புக்குள் போகும்."

லேப்டாப்பை மூடவில்லை. 600 சதவீதம் போதவில்லை, 800 வைத்தேன். எந்தத் தீவு எது என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்லப் புள்ளி வைத்தேன்.